படிப்பானுக்கு ஒரு சாட்சி

மூன்றாவது கம்பியும் கைவிட்டுவிட்டது. ஜெசிந்தா அதைப் பிடுங்கி, முனையை வாயால் ஊதி, மறுபடி செருகினாள். மேசையிலிருந்த அறிகணி முன்பு சொன்னதையே அதே பொறுமையோடு சொன்னது.

"எதுவும் இணைக்கப்படவில்லை."

"இருக்குல்லா! கண்ணு தெரியலையா ஒனக்கு?"

புத்தகம் படிக்கும் மின்படிப்பானின் சாம்பல் திரையில் சார்ஜ் பதினோரு சதவீதம் என்றிருந்தது. சற்றுமுன் பதினான்கு. காலையில் கட்டிலிலிருந்து தரையில் விழுந்த நொடி முதல் அது இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. கம்பியைச் செருகினாலும் ஏற மறுத்தது. ஒருமுறை அணைந்தால் இனி எழாது.

அது அவளுடையதும் அல்ல. பிலோமி அக்காவுடையது. மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளைப் பற்றி அக்கா ஏழு வருடமாக எழுதிய குறிப்புகள் முழுக்க அதற்குள் இருந்தன. வலைக்குப் போகாத கருவி என்பதால்தான், திருட்டுக்குப் பயந்து, அதில் வைத்திருந்தாள். நாளை காலை அக்காவுக்கு ஆய்வுத் தேர்வு. தீவிலிருந்து நாலு மணிக்குக் கரை சேரும் படகில் வருகிறாள். இப்போது மணி மூன்று பத்து. வெளியே தூத்துக்குடி முழுவதும் மழையில் கறுத்துக் கிடந்தது.

காதுப்பொறியில் தோழி நஸ்ரின் இருந்தாள்.

"ஏட்டி, அழுது தொலைக்காத. அந்த வயரு சார்ஜ் போட மட்டும் உள்ளதாருக்கும். உள்ள நாலு இழை இருக்கணும். ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு பேசுததுக்கு. வெல கொறஞ்ச வயருல பேசுத இழையே இருக்காது."

"மூணுமேவா ஊமை?"

"ஒங்க வீட்டுல எல்லாம் அப்படித்தான். தடியா ஒண்ணு தேடு."

அக்காவின் பழைய கேமராப் பையின் அடியில் ஒன்று கிடைத்தது. செருகியதும் அறிகணி சின்னதாக ஓர் ஒலி எழுப்பியது. ஜெசிந்தாவுக்கு உயிர் வந்தது. திரையில் எழுத்து வந்தது.

"ஏதோ இணைந்துள்ளது. இது யாரென்று எனக்குத் தெரியவில்லை. இதைத் தெரிந்த இரண்டு கருவிகளைச் சொல்லவும்."

உயிர் திரும்பவும் போனது.

ஜெசிந்தா பிறப்பதற்கு முன்பே கடவுச்சொற்கள் ஒழிந்துவிட்டன. முகப்போலிகளும் குரல்போலிகளும் பெருகி, பெற்ற தாயின் குரலில் கூப்பிட்டு வீட்டையே எழுதி வாங்கிய காலம் அது. அதற்குப் பிறகு வந்ததுதான் சாட்சிமுறை. எந்தக் கருவியும் தானாக நுழைய முடியாது, ஏற்கெனவே நம்பப்பட்ட இரண்டு கருவிகள் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். மனிதர்களுக்கும் அதே கணக்கு. வீட்டுக் கதவு, பேருந்து, பள்ளி வாசல், தண்ணீர்க் குழாய் என்று நாற்பது ஐம்பது கருவிகள் "இவள் ஜெசிந்தா" என்று சொல்லிக்கொண்டிருப்பதால்தான் அவள் ஜெசிந்தா.

படிப்பானை அறிந்திருந்த ஒரே பழைய கணினியைப் போன மாதம்தான் அம்மா உடைசலுக்குப் போட்டாள். அம்மாவைக் கேட்கலாம் என்றால் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பகல் முறை வேலை. உள்ளே பேச விடமாட்டார்கள்.

"நஸ்ரி, இதத் தெரிஞ்சது ஒண்ணுமே இல்லட்டி. ஏழு பெர்சென்ட்."

"ஒண்ணு இருக்கு. நீயே சாட்சி சொல்லலாம். ஆளு சொன்னா ரெண்டு கருவிக்குச் சமம். ஆனா பொய்ச்சாட்சின்னு ஆச்சுன்னா..."

"எதுக்குப் பொய்யாவும்? நாலு வருசமா தெனமும் இதுலதான பேய்க்கத படிக்கேன். என் தலகாணிக்கு அடுத்து என்னய இதுக்குத்தான் தெரியும்."

"ஒங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா தோல உரிச்சிருவா. அவ தூங்கும்போது அவ விரல வச்சுல்லா தொறப்பேன். அப்புறம் அணைக்கவே மாட்டேன், மூடி மட்டும் வப்பேன்."

சிரிப்புச் சத்தம் கேட்டது. "பேய்க்கதைக்கு இவ்வளவு பாடாட்டி!"

நாலு சதவீதம். ஜெசிந்தா அறிகணித் திரையில் வந்த உறுதிமொழியின்மேல் கையை வைத்தாள். "இது எனக்குத் தெரிந்த கருவி. நானே சாட்சி." கீழே பொடி எழுத்தில் என்னவோ நீளமாக இருந்தது. அதை யார் படிப்பார்கள்?

"நன்றி, ஜெசிந்தா. இப்போது கருவியிடமும் கேட்கிறேன்."

கருவியிடமும் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியாது. படிப்பானின் திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது. அந்தப் பழைய பொருளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நாலு வருடமாக இரவுகளில் தன்னைத் திறந்தவர், பக்கம் புரட்டியவர், பயந்து நடுவில் மூடியவர் எல்லாம் அக்கா ஒருத்தியே என்றுதான் அது எழுதி வைத்திருந்தது.

"கருவியின் பதில்: என் உரிமையாளர் பிலோமினா. வேறு யாரும் என்னைத் தொட்டதில்லை. ஏழு வருடக் கைரேகைப் பதிவு சரியாக உள்ளது. கருவி ஏற்கப்பட்டது. ஜெசிந்தாவின் சாட்சி பொய்."

உடனே குறிப்புகள் இறங்கத் தொடங்கின. பச்சைக் கோடு ஒன்று வலப்பக்கமாக ஓடியது. மூன்று சதவீதம், இரண்டு. படிப்பான் அணைவதற்கு ஒரு மூச்சு முன்பு கோடு முழுசாக நிறைந்தது. ஏழு வருடமும் வந்துவிட்டது.

"வந்துட்டு நஸ்ரி! எல்லாம் வந்துட்டு!"

காதுப்பொறி ஒருமுறை கிர்ரென்றது.

"நஸ்ரி?"

"யாரு பேசுதது?" நஸ்ரினின் குரல் சன்னமாக இருந்தது. "எனக்குப் பேரே காட்டல. 'அறியப்படாதவர்'னு வருது."

"நாந்தாண்டி. லூசு. இப்பதான பேசிட்டிருந்த."

"ஜெசி கொரல்லயே பேசுதீங்க. எனக்குப் பயமா இருக்கு. வைங்க."

சற்றுமுன்வரை 'ஏட்டி' என்றவள் 'ங்க' போட்டுப் பேசினாள். இணைப்பு அறுந்தது. அறையின் விளக்கு தானாக அணைந்தது. தெரியாத ஆளுக்கு எரிவதற்கு அதற்கு உத்தரவு இல்லை. மின்விசிறியும் நின்றது. இருட்டில் அவள் அறிகணியைத் தட்டினாள், கதவுப் பிடியை இழுத்தாள், அம்மாவின் எண்ணைக் கத்திக் கத்திச் சொன்னாள். நாற்பது ஐம்பது சாட்சிகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தன.

நாலரைக்கு வெளியே பெட்டி உருளும் ஓசை. ஏழாம் மாடி வீட்டின் இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு திரை, அந்தப் பக்கம் ஒரு திரை. இந்தப் பக்கத் திரையில் மழையில் நனைந்த அக்கா தெரிந்தாள். கதவு அவளிடம் பேசிக்கொண்டிருந்தது.

"வணக்கம், பிலோமினா. உங்கள் குறிப்புகள் பத்திரமாக அறிகணிக்கு வந்துவிட்டன. உள்ளே அறியப்படாத ஒருவர் இருக்கிறார்."

"யக்கா! நாந்தான்! கதவத் தொற!"

அக்கா முகம் வெளிறி ஓரடி பின்னால் போனாள். "ஜெசி எங்க? அவள என்ன செஞ்சீங்க?"

"நாந்தான்க்கா ஜெசி. மொகத்தப் பாரு!"

"திரையில யாரு மொகத்த வேணும்னாலும் காட்டலாம்," என்றாள் அக்கா. இருவருக்கும் நடக்கப் பழகும்போதே அம்மா சொல்லிக் கொடுத்தது அது: முகத்தை நம்பாதே, குரலை நம்பாதே, கருவியைக் கேள்.

கதவு அக்காவைக் கேட்டது. "இவருக்கு நீங்கள் சாட்சி சொல்கிறீர்களா? பொய்யானால் உங்கள் அடையாளமும் நீங்கும். மறுத்தால் காவலரை அழைக்கிறேன்."

நாளைக்குத் தேர்வு. ஏழு வருடம். அக்கா வெகுநேரம் ஈரக் கையைத் திரைக்கு அருகே கொண்டுபோவதும் எடுப்பதுமாக நின்றாள். பிறகு கதவோடு ஒட்டி, மிக மெதுவாகக் கேட்டாள்.

"நீ ஜெசின்னா ஒண்ணு சொல்லு. எந்த மெஷினுக்கும் தெரியாம, நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது. ஒண்ணே ஒண்ணு போதும்."

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். சின்ன வயதில் அக்கா அவள் தலைமுடியை வெட்டிவிட்டது, கூடத்துக் கேமராக் கண்ணுக்குத் தெரியும். போர்வைக்குள் கிசுகிசுத்த ரகசியங்கள், பக்கத்தில் கிடந்த காதுப்பொறிக்குத் தெரியும். கடற்கரையில் இரண்டு பேரும் அழுதது, அன்று போட்டிருந்த கைப்பட்டைக்கு நாடித்துடிப்போடு தெரியும். இன்று நஸ்ரினிடம் சொல்லும்வரை எந்தக் கருவிக்கும் தெரியாத ஒன்று அவளிடம் இருக்கத்தான் செய்தது. நாலு வருடம் அக்காவின் விரலைத் திருடிப் படித்தது. அது அக்காவுக்கும் தெரியாது.

"சொல்லு," என்றாள் அக்கா கதவுக்கு அந்தப் பக்கம், அழுகையோடு. "அப்படி நமக்குள்ள என்னதான் இருக்கு?"