1001-க்குச் சொந்தமானவை

கணவனின் கம்ப்யூட்டர் கணக்கை அழித்தாயிற்று. ஆனால் டிஸ்க்கில் துளி இடம்கூடக் காலியாகவில்லை.

அவன் செத்து ஒன்றரை மாதம். பீடை ஒழிந்தது என்று அவள் வாய்விட்டே சொல்லியிருந்தாள். சட்டைகளைக் கொடுத்துவிட்டாள், செருப்பைக் குப்பையில் எறிந்துவிட்டாள். மிச்சம் இந்த லினக்ஸ் கம்ப்யூட்டர்தான். அவன் உயிரோடு இருந்தவரை அதைத் துடைக்கத் தொட்டாலும் "என் சாமான்ல கை வைக்காதே" என்று இடது மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவான். சுத்தம் செய்து மகளுக்குக் கொடுத்துவிட்டால் வீட்டில் அவன் சுவடே இருக்காது. ஆபீஸில் நூறு மெஷின்களை மேய்க்கிறவளுக்கு இது ஒரு மத்தியான வேலை.

கோப்புகளைப் பட்டியலிட்டாள். சொந்தக்காரன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அவன் கணக்குக்கு மெஷின் கொடுத்திருந்த 1001 என்ற எண் மட்டும் நின்றது. ஆளை அழித்தாலும் அவன் கோப்புகள் எண்ணை ஒட்டிக்கொண்டு கிடக்கும், தெரிந்ததுதான்.

"கிடங்க, நாதியத்ததுங்களா," என்று முனகிவிட்டு, முதலில் மகளுக்குப் புதுக் கணக்கு திறந்தாள். பெயர்: பாப்பா.

பக்கத்து அறையில் காகிதம் வெட்டி ஒட்டிக்கொண்டே பாடிக்கொண்டிருந்த பாப்பாவின் பாட்டு பாதியில் நின்றது.

பிறகு மேசையில் விரல் தட்டும் சத்தம் கேட்டது, நிதானமாக மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. கோபம் ஏறும்போது அவன் அப்படித்தான் தட்டுவான். நான்காவது தட்டு விழுந்தால் எழுந்து வருவான்.

"பாப்பா, என்னடி சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா."

குரல் அவளுடையதுதான். ஆனால் ஜன்னல் சாத்திய அறையில் ஈரத் துண்டும் சிகரெட்டும் கலந்த அவனுடைய வாடை மெல்லப் பரவியது.

பட்டியலை மறுபடி எடுத்தாள். 1001-ஐக் காணோம். வரிக்கு வரி, பாப்பா. பாப்பா. பாப்பா.

ஐயோ! காலியான எண்ணை மெஷின் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டது. அவனுடையதெல்லாம் இப்போது பாப்பாவுடையது. முதலில் கோப்பை அழி, அப்புறம் ஆளை அழி என்று ஆபீஸில் எத்தனை பேரைத் திட்டியிருப்பாள். ஊருக்குத்தான் உபதேசம்.

செத்தவனுக்குப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் பயம் அவளுக்காக இல்லை. பாப்பாவை அந்த எண்ணிலிருந்து பிரித்துவிட வேண்டும். உடனே. கணக்கை நீக்கும் கட்டளையை அடித்தாள்.

மெஷின் மறுத்தது. 'பாப்பா' இப்போது உள்ளே வேலை செய்துகொண்டிருப்பதாகச் சொன்னது.

பாப்பா இந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை.

நான்காவது தட்டு.

நாற்காலி நகர்ந்தது. காலடி. எட்டு வயதுப் பிள்ளையின் காலடிக்குத் தரை அதிராது. அதிர்ந்தது.

அவள் திரும்பவில்லை. முடியவில்லை.

இடது மணிக்கட்டைக் குட்டி விரல்கள் சுற்றிக்கொண்டன. பசை காய்ந்த விரல்கள். கட்டைவிரல் தேடவே இல்லை. பழைய இடத்திலேயே அழுந்தியது.

"என் சாமான்ல கை வைக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்?"

முன்பல் விழுந்த இடைவெளியில் காற்றுப் போகும் பாப்பாவின் குரல். விரல்கள் முறுக்கத் தொடங்கின.