வேட்பாளரைக் காணோம்!

ஜெஸ்மின் அலறினாள்.

குளியலறைத் தொட்டியில் ரத்தம். தரையில் ரத்தம். துவாயில்கூட ரத்தம்.

அப்பாவை மட்டும் காணோம்...

இருபதாவது நிமிடம் லண்டனின் அந்த வால்தம்ஸ்டோ வீட்டு வாசலில் வந்து இறங்கினாள் டிடெக்டிவ் விதுஷா. அவளுக்கு இது முதல் கொலைக் கேஸாக இருக்கலாம். பின்னால், அவளைப் போலவே ஈழத் தமிழனான கான்ஸ்டபிள் கிளின்ரன் ஓடி வந்தான்.

காணாமல் போனவர் முசத்திக் அலி. வயது அறுபத்து மூன்று, மனைவியை இழந்தவர். வங்காளதேசத்தின் சில்ஹெட்டில் ஒரே ஊரிலிருந்து வந்து இந்தத் தெருக்களில் குடியேறிய முந்நூறு குடும்பங்களுக்கு ஒரு சங்கம். அதன் தலைவர் பதவிக்கு அவர் வேட்பாளர். ஞாயிற்றுக்கிழமை தேர்தல்.

எதிர்த்து நிற்பவர் குதுப் மியா. இருவரும் முகம் பார்த்துப் பேசிப் பதினெட்டு வருடம் ஆகிறது என்று ஜெஸ்மின் விம்மி விம்மிச் சொன்னாள். போன வாரம் மசூதி வாசலில், "உன்னை நிற்க விடமாட்டேன்" என்று குதுப் கத்தினாராம்.

பக்கத்து வீட்டு பியற்றிஸ் அடுத்த குண்டைப் போட்டாள். காலை ஒன்பதரைக்குக் குதுப்பின் வெள்ளை வேன் வந்தது. குதுப் முசத்திக்கின் கையை இறுக்கிப் பிடித்து உள்ளே தள்ளினார். கண்ணால் கண்டாளாம்!

"அக்கா, கொலைதான். பெரிய டீமைக் கூப்பிடட்டே?"

"பொறும், கிளின்ரன்."

விதுஷா தொட்டியருகே குனிந்தாள். முகர்ந்தாள். மீண்டும் முகர்ந்தாள்.

"உமக்கு மருதோன்றி மணம் தெரியுமே?"

"ஓம்... தங்கச்சியின்ர கலியாணத்தில மணந்தது. ஏன்?"

"இது ரத்தமில்லை. மனுசன் தாடிக்குப் பூசிக் கழுவியிருக்கிறார்."

"சாகப் போற ஆள் ஏனக்கா தாடிக்கு..."

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

பியற்றிஸ் குறித்து வைத்திருந்த வேன் எண்ணைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னாள். நான்கே நிமிடம். தெருக் கேமரா காட்டிக் கொடுத்தது. வேன் நின்றுகொண்டிருந்தது...

திருமணப் பதிவு அலுவலக வாசலில்!

கார் பறந்தது. பின் சீட்டில் ஜெஸ்மின் கண்ணை மூடிக் கலிமா சொல்லிக்கொண்டே வந்தாள்.

விதுஷா கதவைத் தள்ளித் திறந்தாள்.

பூமாலை. ஜரிகைத் தொப்பி. செக்கச்செவேலென்ற தாடியோடு முசத்திக் அலி. பக்கத்தில், வாய் நிறையச் சிரிப்போடு அறுபது வயது மணப்பெண். சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்... குதுப் மியா!

மணப்பெண் ரஹேலா, குதுப்பின் தங்கை. ஓய்வுபெற்ற நர்ஸ். எதிரிகள் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தவள் அவள்தான். இருவரின் கோஷ்டிகளும் கலியாணத்தைக் கலைத்துவிடக் கூடாதே என்று எல்லாமே ரகசியம். மசூதி வாசல் சண்டைகூட நாடகம். வேனில் தள்ளியதா? கடைசி நிமிடத்தில் மாப்பிள்ளைக்குக் கால் உதறியது.

ஜெஸ்மின் அப்பாவின் தோளில் நாலு குத்து விட்டாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போது ரஹேலா கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள்.

முசத்திக்கும் குதுப்பும் தேர்தலிலிருந்து விலகும் கடிதங்கள்! இரண்டிலும் கையெழுத்து புத்தம் புதிது.

தலைவர் பதவிக்குக் கடைசி நேரத்தில் மூன்றாவதாக ஒருவர் மனுப் போட்டிருந்தார். ரஹேலாதான் அது. மனைவியை எதிர்த்து முசத்திக் நிற்க முடியாது. தங்கையை எதிர்த்துக் குதுப் நிற்க முடியாது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து எந்தப் பெண்ணும் உட்காராத நாற்காலி இனி அவளுக்கு.

கிளின்ரன் நோட்டுப் புத்தகத்தோடு திருதிருவென்று விழித்தான்.

"அக்கா, ரிப்போட்டில என்னத்தை எழுதுறது? கடத்தல் நடக்கேல்லை எண்டோ?"

"நடந்ததெண்டே எழுதும்," என்றாள் விதுஷா, ரஹேலா நீட்டிய ரசகுல்லாவை வாயில் போட்டபடி. "ஆனால் ஆளையில்லை... தலைவர் கதிரையை!"