ஆள் அதிகம்

மூன்றாவது ஆட்டத்திலும் எதிராளி பாதியில் விலகிப் போனபோதுதான் ஏதோ சரியில்லை என்று தவுபிக்குக்குப் பட்டது. ஏழு கோல் முன்னிலை. அவன் அப்படியொன்றும் கெட்டிக்கார ஆட்டக்காரன் இல்லை. படிக்கிற காலத்தில் கோவில்பட்டி செம்மண் தரையில் ஹாக்கி ஆடியவன். இப்போது கம்ப்யூட்டரில், பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஹாக்கியை முகம் தெரியாத ஆட்களோடு இணையத்தில் ஆடிக்கொண்டிருந்தான். போகும் முன் அந்த ஆள் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தான்.

'உன் பக்கம் ஆள் அதிகம். ஏமாற்றுகிறாய்.'

தவுபிக் திரையில் எண்ணிப் பார்த்தான். கோல்கீப்பரோடு ஆறு பேர். இருக்க வேண்டியதும் ஆறுதான்.

பகல் மூன்று மணிக்கே அறை இருட்டிக் கிடந்தது. விருதுநகரில் இரண்டு நாளாக விடாத மழை, சுவரில் ஊறிய ஈரத்தின் வாடை, சூடான மானிட்டரின் பிளாஸ்டிக் மணம், அடுப்படியில் சாலிஹா பாத்திரம் துலக்கும் சத்தம். விஸ்வநத்தத்தில் அவன் போர்மேனாக இருந்த பட்டாசுக் கம்பெனிக்குச் சீல் வைத்து இருபது நாளாகிறது. வெடிமருந்து அடைக்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, நான்கு பேருக்கு மேல் உட்காரவும் கூடாது. தீபாவளி ஆர்டர் நெருக்கியதால் அன்றைக்கு அவன் ஏழு பேரை உட்கார வைத்திருந்தான். அதில் மூன்று பெண்கள் அன்றுதான் வேலைக்கு வந்தவர்கள். பெயர்கூடப் பதிவேட்டில் ஏறவில்லை. வெடித்த பிறகு அந்த அறையில் யார் எவர் என்று பிரித்துச் சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. விசாரிக்க வந்த அதிகாரியிடம், "உள்ள நாலு பேர்தான் சார்" என்று சொல்லிவிட்டான்.

இன்று மதியம் முத்துமாரியம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"எம் மக அழகுமீனா ஒங்க கம்பெனிக்குத்தான் போறேன்னு போனா சார். கூட ரெண்டு புள்ளைக. அங்கன இல்லைன்னா நான் வேற எங்கன போய்த் தேட?"

"அன்னைக்குப் புதுசா யாரும் வரலம்மா."

அவள் அழவில்லை. மழையில் இறங்கிப் போனாள். அவள் தெரு திரும்பும் முன்பே தவுபிக் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

நாலாவது ஆட்டத்துக்குப் புது எதிராளி கிடைத்தான். ஹெட்போனில் பனியைக் கீறும் இரும்பின் சத்தம். அதற்கு அடியில் வேறொன்று. ஈரத் தரையில் வெறுங்கால் வைத்து ஓடுகிற சத்தம். தவுபிக் தவறுதலாக ரப்பர் வட்டை ஆளில்லாத மூலைக்குத் தட்டிவிட்டான். மூலையில் அது நின்றது. யாரோ மெல்லத் தொட்டதுபோல் நகர்ந்தது. திரும்பியது. தானாகவே நேராகப் போய்க் கோலுக்குள் விழுந்தது.

அவன் விரல்களை விசைகளிலிருந்து எடுத்துவிட்டான்.

இன்னொரு கோல்.

இன்னொன்று.

எதிராளி எழுதினான்: 'அவர்கள் ஏன் செருப்பில்லாமல் ஓடுகிறார்கள்?'

பிறகு அவனும் விலகிப் போனான்.

சாலிஹா டீ கொண்டுவந்தாள். டம்ளரை மேசையில் வைக்கக் குனிந்தவள் திரையைப் பார்த்தாள்.

"என்னங்க, இந்த ஆட்டத்துல பொம்பளப் புள்ளைகளும் ஆடுவாகளா?"

"எங்க?"

"இந்தா, இங்கன. பாவாடை தாவணியோட." அவள் விரல் வைத்த இடத்தில் அவனுக்கு வெள்ளைப் பனி மட்டும்தான் தெரிந்தது.

"எல்லாரையும் எண்ணு சாலிஹா."

அவள் சிரித்துக்கொண்டே எண்ணினாள். "நம்ம பக்கம் ஒம்பது."

அவன் மானிட்டரை அணைத்தான். போதவில்லை. ஒயரையே பிடுங்கினான். அறையில் மழைச் சத்தம் மட்டும்.

சாலிஹா இருண்ட திரையைப் பார்க்கவில்லை. அவள் கண்கள் அவன் தோளுக்குப் பின்னால் நகர்ந்தன. மெல்ல. ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குப் போவதுபோல. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாங்கம்மா" என்றாள், விருந்தாட்களிடம் பேசும் அதே குரலில். "ஏன் நிக்கிறீக? அங்கன கட்டில்ல உக்காருங்க."

தவுபிக் திரும்பினான்.

அறையில் யாரும் இல்லை.

கட்டில் கிரீச்சிட்டது. மெத்தையின் ஓரம் அமுங்கியது. அதன் பக்கத்தில் இன்னொரு இடம் அமுங்கியது. நாற்காலிக்கு மிக அருகில் மூன்றாவது இடம். அந்த மூன்று பள்ளங்களிலிருந்தும் சாம்பல் நிற மருந்துத் தூள் வெள்ளை விரிப்பில் ஊறிப் பரவத் தொடங்கியது. சாலிஹா அடுப்படிப் பக்கம் திரும்பி, இன்னும் மூன்று டம்ளர் எடுத்துக்கொண்டிருந்தாள்.