ஷட்டவுன் அன்றைக்கு எரிந்த பல்பு

ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. நிர்மலாதேவி வீட்டுச் சாமி அலமாரியில் மட்டும் சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

மாதத்துக்கு ஒருநாள் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை ஷட்டவுன் போடுவது சங்கரன்கோவிலுக்குப் புதிதில்லை. ஆனால் விசைத்தறித் தெருவில் அந்த ஐந்து மணி நேரம் லேசில் கழியாது. இரவும் பகலும் தறிச் சத்தத்திலேயே உண்டு உறங்கிப் பழகிய காதுக்கு, அது நின்றதும் மூன்றாம் வீட்டுக் குக்கர் மூச்சு விடுவதும், தகரத்தில் காக்கை நடப்பதும், தன் தொண்டையில் எச்சில் இறங்குவதும்கூடக் கேட்கும். அப்படிக் கேட்டுக்கொண்டேதான் அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். வந்தவள் அலமாரி முன்னால் நின்றுவிட்டாள்.

ஓட்டுக் கண்ணாடி வழியாக விழும் வெயிலோ என்று முதலில் நினைத்தாள். கதவைச் சாத்திப் பார்த்தாள். இருட்டில் சிவப்பு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

முன்னறைக்குப் போய் மெயினை இறக்கினாள். திரும்பி வந்து பார்த்தால், எரிகிறது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துப் பல்பைக் கழற்றினாள். கழற்றிய கையோடு பின்னால் ‘ணங்’கென்று ஒரு சத்தம் கேட்டது. தறி அறையில் டியூப் லைட்டின் இரண்டு முனையும் மங்கலாகச் சிவந்து, துடித்து, எரியத் தொடங்கியது.

வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. வாடகை ஜெனரேட்டர் போய் மூன்று மாதமாகிறது.

நூல் எடுக்க ராஜபாளையம் போயிருந்த புருஷன் மாரிக்கண்ணனுக்குப் போன் போட்டாள்.

“பாதுஷாவக் கூப்பிடு. ஆனா வாயத் தொறந்து எதையும் உளறிராத, கேட்டியா?”

எதையும் என்றால் எது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மாசியில் ஒருநாள் மெயின் பெட்டி புகைந்து கருகிப்போனது. எலெக்ட்ரீஷியன் பாதுஷா அவசரமாக வந்து மாற்றிக் கொடுத்தான். போகும்போது, “அண்ணாச்சி, ஷட்டவுனுக்கு ஜெனரேட்டர் ஓட்டணும்னா சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டுத்தான் ஓட்டணும். இல்லாட்டி நம்ம கரண்ட் திரும்பிப் போஸ்டுக்குப் போயிரும். வயரு, கூலி எல்லாஞ்சேத்து ஆறாயிரத்தைந்நூறு ஆகும்,” என்றான். அவசர வேலைக்கே கொள்ளைக் காசு வாங்கிவிட்டான் என்று மாரிக்கண்ணனுக்கு எரிச்சல். ஆனை வாங்கினவன் அங்குசம் வாங்க அழுத கதைதான். நாலு லட்சத்துக்குத் தறி வாங்கியவர், இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயரைத் தானே கட்டி ஜெனரேட்டரிலிருந்து சுவரில் செருகிக்கொண்டார். செருகுமுன் மெயினை இறக்க வேண்டும், அவ்வளவுதான். அதை இறக்கும் வேலை நிர்மலாதேவியுடையது.

மூன்று மாதத்துக்கு முந்திய ஷட்டவுன் அன்றைக்கு அவள் மறந்துவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. எதிர்க் கம்பத்தில் ஏறிய லைன்மேன் பேச்சிராஜ், ஜெனரேட்டர் சத்தம் கேட்டு, மெயின் இறக்கியிருக்கிறதா என்று மேலிருந்தே கேட்டான். குழம்பு அடிப்பிடிக்கிற அவசரத்தில் எட்டிப் பார்க்காமலே இறக்கியாச்சு என்று சொல்லிவிட்டாள். இருபத்தாறு வயதுப் பையன், கம்பத்திலேயே உயிர் போய்விட்டது. எங்கிருந்தோ ரிட்டன் வந்துவிட்டது என்று ஊர் பேசியது. கூட்டம் கூடுமுன்பே மாரிக்கண்ணன் அந்த வயரைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டார்.

இன்றைக்குப் பாதுஷா பதினொரு மணிக்கு வந்தான். “ஷட்டவுன் அன்னைக்கு லைட் எரியுதுன்னு கம்ப்ளெய்ண்ட் சொன்ன ஒரே ஆளு நீங்கதாங்க்கா. வந்து நிக்கதுக்கே ஐந்நூறு ஆயிரும், பாத்துக்கிடுங்க,” என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே டெஸ்டரை வைத்தான்.

டெஸ்டர் எரியவில்லை. இன்னோர் இடத்தில் வைத்தான். எரியவில்லை. தலைக்கு மேல் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

மீட்டருக்குக் கீழே இருந்த ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். கடைசிக் கட்டையைப் பிடுங்கியதும் வெளிச்சம் கூடியது. அடுப்படியில் ஃபேன் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. தறியெண்ணெய் வாடை அடிக்கும் அந்த அறையில், இன்னதென்று சொல்ல முடியாத ஒரு முனகல், சுவருக்குள்ளிருந்து காதுக்கு வராமல் பல்லுக்கு வந்தது.

பாதுஷாவின் சிரிப்பு போய்விட்டது.

“அக்கா, இங்கன ஜெனரேட்டர் ஏதும் ஓட்டுனீயளா? இப்பன்னு இல்ல, எப்பவாச்சும்?”

சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் போலீஸ், கேஸ், தறி, வீடு, தெருவில் தலைகாட்ட முடியாத வாழ்க்கை. எல்லாம் அந்த ஒரு நொடியில் வரிசை கட்டி நின்றன.

“இல்லயே தம்பி.”

“அப்ப வெளிய இருந்துதான் ஏதோ வருது. சர்வீஸ் வயரச் சொவத்துலயே வெட்டி விட்டுருதேன். அண்ணாச்சி வந்தபெறவு மத்தத பேசிக்கிடலாம்.”

மூங்கில் ஏணியைச் சுவரில் சாத்தி ஏறினான். உச்சி வெயில். தெருவில் ஆள் இல்லை. எதிர்க் கம்பத்திலிருந்து இந்தச் சுவர் வரை வரும் கறுப்பு வயர், காற்றே இல்லாமல், லேசாக அசைந்தது. யாரோ அந்தப் பக்கம் பிடித்திருப்பது மாதிரி. நிர்மலாதேவி கம்பத்தைப் பார்த்தாள். யாருமில்லை. ஆனாலும் அந்த வயர் அசைந்தது.

பாதுஷாவின் மணிக்கட்டில் பச்சை நரம்பு தெரிந்தது. அந்தக் கை வயருக்குப் போவதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ உடைந்தது. போலீஸ் வரட்டும். வீடு போகட்டும். இன்னொரு பிள்ளையைத் தின்றுவிட்டு இந்த வீட்டில் சோறு இறங்காது.

“தம்பி, எறங்குப்பா. தொடாத. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“ஒரு நிமிசந்தாங்க்கா, வேல முடிஞ்சிரும்.” அவன் கீழே பார்க்கவில்லை. பிளேடும் கட்டிங் பிளேயரும் அவன் கையில். “மெயின் எறக்கித்தான இருக்கு?”

இறக்கியும் எரிகிறது, தொடாதே என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து, அடுப்படிப் பக்கமிருந்து, ஒரு பொம்பளைக் குரல் வந்தது.

“எறக்கியாச்சு தம்பி. நீ பாரு.”

அவளுடைய குரல். கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தத்தோடு. எட்டிக்கூடப் பார்க்காத அந்த அலட்சியத்தோடு.

“சரிக்கா,” என்றான் பாதுஷா, வீட்டைப் பார்த்து.

அவள் கத்தினாள். வாய் திறந்தது. தொண்டை புடைத்தது. சத்தம் வரவில்லை. ஏணியைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தாள். கால் நகரவில்லை. தரை அவள் பாதத்தைப் பிடித்திருந்தது.

அவன் கை வயரைத் தொட்டது.

பொறி இல்லை. வெடி இல்லை. அவன் உடம்பு ஒரு தரம் விறைத்து, அப்படியே நின்றது.

உள்ளே அவள் தறி ஓடத் தொடங்கியது. சடக். சடக். சடக். அடுத்து, பக்கத்து வீட்டுத் தறி. அதற்கடுத்த வீடு. எதிர் வரிசை. மிக்ஸி அலறியது. எங்கோ டி.வி. பாடியது. தண்ணீர் மோட்டார் இரைந்தது. கதவுகள் திறந்தன. பெண்கள் வாசலுக்கு வந்து, ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரித்தார்கள்.

“ஏட்டி, கரண்ட் வந்துட்டுடி! ரெண்டு மணிகூட ஆவல!”

“இன்னைக்கு நம்ம நல்ல நேரந்தான்!”

யாரும் ஏணியைப் பார்க்கவில்லை. பாதுஷா இமைக்காமல் நிர்மலாதேவியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் விரல்கள் வயரை விடவில்லை. தெருக்கோடியில் கடைசி வீட்டுத் தறியும் ஓட ஆரம்பித்தது.