ஒன்பதாம் மாடியில் இருபத்தொன்பது டிகிரி

மே 20, மாலை 4.10.

ஜவுளிக்கடை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்த சுமலதா அலறினாள். கணவர் முருகையன் பாயில் கிடந்தார். உடம்பு கொதித்தது, மூச்சு இல்லை. அரிசி ஆலையில் அவருக்கு இரவுக் காவல். பகலில்தான் தூக்கம்.

செஞ்சியில் கோட்டையை விட்டால் உயரம் இந்த ஒன்பது மாடிக் குடியிருப்புதான். மொட்டை மாடிக்கு நேர் கீழே என்பதால் இந்த வீட்டுக்கு வாடகை குறைவு. வெயிலுக்குத் தள்ளுபடி கொடுக்கிற தாராள மனசு!

4.50. சப்-இன்ஸ்பெக்டர் சாமுண்டீஸ்வரி அரசு டாக்டரோடு வந்தார்.

"வெக்கைதான் மேடம் கொன்னுடுச்சி" என்றாள் சுமலதா. "மேல கூலிங் ஓடு பதிச்சிக் குடுங்கன்னு ரெண்டு வருஷமா கேக்குறோம்."

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கலியபெருமாள் கையில் காகிதத்தோடு தயாராக நின்றார். கட்டடம் கட்டிய கம்பெனியில் சம்பளம் வாங்குபவரும் இவர்தான்.

"வெக்கையா? பசுமைச் சான்றிதழுக்காக ஏப்ரல் முழுக்க மாடிக்கு ஒரு மிஷின் வச்சி அளந்தாங்க மேடம். இந்த வீட்ல இருபத்தொம்பது டிகிரி. எட்டாவது மாடியில முப்பத்தாறு. மேல வெள்ளைப் பெயிண்ட் அடிச்சோம்ல, அதான். ஓடே தேவையில்லன்னு எழுதிட்டாங்க. இது ஹார்ட் அட்டாக்."

டாக்டர் தயங்கினார். "உடம்புச் சூடு நூத்தி ஏழு இருக்குது. ஆனா இந்த ரிப்போர்ட்ட வச்சிக்கிட்டு வெயில் சாவுன்னு எப்படி எழுதுறது?"

5.15. சாமுண்டீஸ்வரி மொட்டை மாடிக்குப் போனார். வெள்ளைப் பெயிண்ட் புழுதியேறி மண் நிறமாகியிருந்தது. செருப்பை மீறிக் கால் சுட்டது.

கீழே வந்து காகிதத்தை நிதானமாகப் படித்தார். தேதிவாரியாக வெப்பம், பக்கத்தில் ஈரப்பதம். ஏப்ரல் 11 மட்டும் வெப்பம் நாற்பத்தொன்று. அதைச் சிவப்பு மையில் அடித்து 'மிஷின் கோளாறு' என்று எழுதியிருந்தார்கள்.

"மிஷின எங்கம்மா வச்சாங்க?"

"அந்த அலமாரியில."

சிமென்ட் பலகையில் உப்புப் பூத்த ஈரக்கறை. சுவருக்குப் பின்னால் குழாய் எதுவும் இல்லை.

"ஏப்ரல் பதினொண்ணு எங்க இருந்தீங்க?"

"ரெண்டு பேரும் அவலூர்பேட்டை போயிருந்தோம். தங்கச்சி கொழந்தைக்குக் காது குத்து."

"அன்னிக்கு மட்டும் இன்னா செய்யாம வுட்டீங்க?"

சுமலதா யோசித்தாள். "ஈரத்துணி மாத்தல மேடம்."

"யாரு போடச் சொன்னது?"

"செக்ரட்டரி அண்ணன்தான். மிஷின் சூடு தாங்காது, கெட்டுப் போனா உங்க தலையிலதான் வுழும்னாரு. வெயில் காலத்துல தண்ணிப் பானைக்குச் சுத்துவோமே, அப்படிச் சுத்தி வச்சோம். பகல்ல எங்க வூட்டுக்காரரே ரெண்டு தடவ எழுந்து நனைப்பாரு."

தனக்கு ஒரு ஈரத்துணி போட்டுக்கொள்ளத் தோன்றாத மனிதர், மிஷினுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்.

"எல்லாரும் வெப்பத்த மட்டும் பாத்தீங்க" என்றார் கலியபெருமாளிடம். "பக்கத்துல ஈரப்பதம் தொண்ணூத்தி நாலு. ஏப்ரல்ல, ஒதடு வெடிக்கிற செஞ்சிக் காத்துல! துணி காயாத ஒரு மாசமும் மிஷின் அந்த ஈரத்தத்தான் அளந்துது. துணி காஞ்ச ஒரே நாள்தான் வீட்ட அளந்துது. நனச்சது இவங்க. கொன்னது நீ."

கலியபெருமாள் அசரவில்லை. "மிஷின் மேல அக்கறையில சொன்னேன். சொன்னதுக்கு எழுத்து இருக்குதா மேடம்? துணி போட்டது யாருன்னுதான் கோர்ட்ல கேப்பாங்க."

"நீங்க புகார் குடுங்கம்மா" என்றார் சாமுண்டீஸ்வரி சுமலதாவிடம். "நீங்கதான் சாட்சி. இந்த மாடியில இன்னும் மூணு குடும்பம் இருக்குது."

சுமலதா அவரையே பார்த்தாள்.

"துணி போடாம இருந்திருந்தா, ஓடு பதிச்சிருப்பாங்களா மேடம்?"

பொய் சொல்லியிருக்கலாம். சாமுண்டீஸ்வரியால் முடியவில்லை. "ஆமாம்மா."

அவள் அலமாரியின் உப்புக்கறையை முந்தானையால் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "புகார் வேணாம் மேடம். ஹார்ட்டுன்னே எழுதட்டும். எம் பொண்ணு தமிழினி காலேஜ்லேந்து வந்துக்கினு இருக்குது. நைனா எதனால செத்தாருன்னு அதுக்குத் தெரியக் கூடாது."

சாமுண்டீஸ்வரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. டாக்டர் ஹார்ட் என்றே எழுதினார்.

ஜூனில் அந்த வீட்டுக்கு வேறொரு குடும்பம் குடிவந்தது, கைக்குழந்தையோடு.