இரண்டாவது கல்

"முதல்ல நீ இறங்கு!" என்றாள் மங்கை.

கடற்குகையின் வாயில் கயிறோடு நின்ற சவரி திரும்பிப் பார்த்தான். "ஏன்க்கா, பயமா? இல்ல, என் மேல சந்தேகமா?"

"ரெண்டும்தான். நட!"

சந்தேகம் வராமல் என்ன செய்யும்? இந்தக் கிரேக்கத் தீவில் ஆய்வுக்குழுவின் படகை ஓட்டுகிறவன் தூத்துக்குடிச் சவரி. போன கோடையில் பாறைச்சரிவில் பழைய கல்வெட்டொன்றைக் கண்டெடுத்தவனும் அவனே. பஞ்சத்தில் தானியம் கொண்டுவந்த ஒருவனுக்கு ஊர்ச்சபை மாலை சூட்டிய தீர்மானம் அது. அவன் யார் என்று சொல்லும் இடம் மட்டும் உடைந்திருந்தது. கல்வெட்டு ஆய்வாளரான மங்கை அங்கே 'படைத்தலைவன்' என்று நிரப்பி அச்சிட்டாள். அப்புறம் கிளம்பியது வம்பு! அப்படியொரு படைத்தலைவனே இருந்ததில்லை, கல்லே போலி, படகுக்காரன் செதுக்கியது என்றார்கள் அறிஞர்கள். போலீசில் புகாரும் கொடுத்துவிட்டார்கள். உண்மை தெரியாவிட்டால் சவரிக்குச் சிறைதான்.

கல்லின் கடைசி வரி ஒரு வழி காட்டியது. 'இதை இரண்டு கற்களில் வெட்டி, ஒன்றைச் சபைத்திடலிலும் மற்றதைத் துறைமுகக் கோயிலிலும் நடுக.' அந்தக் கோயில் என்றோ நிலநடுக்கத்தில் சரிந்து இந்தக் குகைக்குள் கிடந்தது.

"அங்கயும் ஒரு கல்ல இவனே போட்டு வெச்சிருப்பான். கண்ண எடுக்காத!" என்று மங்கையின் காதில் ஓதினான் படம்பிடிக்க வந்த தணிகை.

"இடப்பக்கமா வாங்க. அந்தப் பக்கம் வழுக்கும்!" என்று கத்தினான் சவரி.

"உனக்கெப்படித் தெரியும்? முன்னாடியே வந்திருக்கியா?"

"பாசி மின்னுறது தெரியலயாக்கா!"

அவள் நம்பவில்லை. வேண்டுமென்றே வலப்பக்கம் காலை வைத்தாள். சறுக்கி விழுந்தாள்! பேரலை அவளை உள்ளே இழுத்தது. "கயித்தப் பிடிங்க!" சவரி வீசிய கயிற்றை ஒரு கையால் பற்றி, மறுகையால் ஒரு பலகைக்கல்லைக் கட்டிக்கொண்டாள். விரலில் எழுத்துகள் தட்டுப்பட்டன!

அலை வடிந்ததும் பார்த்தால், கல் முழுக்கச் சிப்பிகள் அடுக்கடுக்காக அப்பிக் கிடந்தன. சவரி கத்தியால் சுரண்டச் சுரண்ட, அடியிலிருந்து கிரேக்க எழுத்துகள் வெளிவந்தன.

"இத்தன சிப்பிய ஒரே வருஷத்துல வளத்தானா இவன்?" என்றாள் மங்கை. தணிகை படம்பிடிக்கத் தொடங்கினான்.

வரிக்கு வரி அதே தீர்மானம். அங்கே உடைந்திருந்த இடம் இங்கே முழுசாக இருந்தது. மங்கை அதை விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

"என்னக்கா எழுதியிருக்கு?"

"'வெளியூர்ப் படகோட்டி'ன்னு."

"நீங்க படைத்தலைவன்னுல்லா எழுதுனீங்க!"

"கல்லு சரியாத்தான் சொல்லுது, சவரி. நான்தான் இட்டுக்கட்டிட்டேன். படகோட்டிக்குப் போய் யாரு மாலை போடுவாங்கன்னு நெனச்சுட்டேன். உன்னையும் அப்படித்தான் நெனச்சேன். மன்னிச்சிரு."

அவள் கண் கலங்கியது. "விடுங்கக்கா, மொதல்ல கரை சேருவோம்," என்றான் சவரி.

படங்களைப் பார்த்ததும் புகார் திரும்பப் பெறப்பட்டது. துறைமுகமே கூடிச் சவரியைத் தோளில் தூக்கியது. மங்கை தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டு அச்சிட்டாள்.

கல்லை மேலே கொண்டுவர மறுபடி குகைக்குப் போனார்கள். சவரி வழக்கம்போல முதலில் இறங்கப் போனான். மங்கை கயிற்றின் ஒரு நுனியைத் தன் இடுப்பில் கட்டி, மறு நுனியை அவன் கையில் கொடுத்தாள்.

"நீ பிடிச்சுக்க. நான் முன்னால போறேன்."