வாசலில் கடல், வீட்டில் மூன்று அம்மா

ஜானட் பிறந்தபோது அவள் வீடு கடற்கரையிலிருந்து நான்காவது வரிசையில் இருந்தது. அவள் ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் அதே வீடு முதல் வரிசைக்கு வந்துவிட்டது. வீடு நகரவில்லை. முன்னால் இருந்த மூன்று வரிசைகளையும் கடல் தின்றுவிட்டது.

"குந்துன எடத்துலயே பணக்காரங்க ஆயிட்டோம்டி. பீச்சு பங்களா!" என்பாள் அம்மா சிலுவையம்மாள். சொல்லிவிட்டு அவளே சிரிக்கமாட்டாள்.

திருவொற்றியூர்க் கரையில் அலை ஏறினால் தண்ணீர் வாசற்படி தாண்டி உள்ளே வரும். அம்மா ஓடி ஓடி அரிசிப் பானையையும் மீன் கூடையையும் தம்பி பென்னியையும் கட்டில்மேல் ஏற்றுவாள். அப்பாவை ஏற்ற வேண்டியதில்லை. இரண்டு வருடமாக அவர் மாலை போட்ட படமாகச் சுவரில் உயரத்தில்தான் இருந்தார்.

ஆபத்தான வீடுகளைப் பார்த்து, மாற்று வீட்டுக்குப் பெயர் எழுத ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்குப் பார்த்துக் கடல், டீச்சர் உள்ளே வந்ததும் அடங்கும் வகுப்பு மாதிரி கப்சிப்பென்று கிடந்தது.

"தண்ணி அவ்வளவு தூரத்துல இருக்கே? வீடும் நல்லாத்தானே நிக்குது?" என்றார்.

"உள்ள வரும் சார்," என்றாள் அம்மா.

"வந்தா போட்டோ எடுத்து வைங்க. அடுத்த வாரம் ஒரே ஒரு தடவை வருவேன். அதுக்கப்புறம் பேர் சேர்க்க முடியாது."

ஜானட்டின் தோழி மலிகாவுக்கு ஓர் அண்ணன். பெயர் ரஷீது. பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். புது டிஜிட்டல் கேமராவும் வைத்திருந்தான். அதில் அவனுக்குத் தெரிந்தவை இரண்டு: ஆன், ஆஃப்.

"கீழ போட்டீங்க, உங்க ரெண்டு பேரையும் வித்துத்தான் வேற வாங்கணும்!" என்று சொல்லிவிட்டுக் கேமராவைக் கொடுத்தான்.

"எங்களை வித்தா பேட்டரி கூட வராதுண்ணே," என்றாள் மலிகா.

காலை வெயில் கடல் பக்கமிருந்து வந்தது. வீட்டின் உள்ளே நின்று வாசலைப் படமெடுத்தாள் ஜானட். வீடு தெரிந்தது, வெளியே கடல் வெள்ளைச் சுவர் மாதிரி வெளுத்துப்போயிருந்தது. கேமராவில் எதையோ அமுக்கி மறுபடி எடுத்தாள். கடல் தெரிந்தது, வீடு பானையின் அடியைப்போலக் கறுத்துக் கிடந்தது.

"கடல் இருந்தா வீடு இல்ல. வீடு இருந்தா கடல் இல்ல. கேமராவும் அந்த சார் கட்சிதான்," என்றாள் மலிகா.

இரண்டு பேரும் இணையத்தில் தேடினார்கள். வழி இருந்தது. ஒரே இடத்தை இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்று தடவை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தெளிவாக இருப்பதை எடுத்துக் கணினி ஒரே படமாகச் சேர்த்துவிடும். இதற்குப் பெயர் எச்.டி.ஆர்.

"சாம்பார், ரசம், மோர் மூணையும் ஒரே தட்டுல ஊத்துற மாதிரி," என்றாள் மலிகா. ஜானட்டுக்கு உடனே புரிந்துவிட்டது.

மறுநாள் காலை அலை ஏறியது. காலி மீன் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் கேமராவை ஆடாமல் வைத்தாள் ஜானட்.

"அம்மா, அசையாம நில்லும்மா!"

"நான் நின்னா அரிசி மெதக்கும்! நீ வந்து பானையைப் புடி, நான் போட்டோ எடுக்கறேன்!"

க்ளிக், க்ளிக், க்ளிக்.

ரஷீதின் சென்டர் கணினியில் மூன்றையும் சேர்த்ததும் திரையில் இழுக்கும் பட்டைகள் வந்தன. ஒன்று நிறத்துக்கு, ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று நிழலுக்கு. எதை எவ்வளவு இழுப்பது என்று இருவருக்கும் தெரியாது. தெரியாதவர்கள் செய்வதையே செய்தார்கள். எல்லாவற்றையும் கடைசிவரை இழுத்தார்கள்.

அடேயப்பா! வானம் கத்தரிப்பூ நிறம். கடல் மயில் கழுத்து. ஈரச் சுவர் தங்கமாக மின்னியது. தோழிகள் இருவரும் நாற்காலியிலேயே குதித்தார்கள்.

ரஷீது எட்டிப் பார்த்தான். "இன்னாமா இது, சூப்பரா கீது! லீவுக்கு வாடகைக்கு விடுவாங்களா?"

ஜானட்டின் சிரிப்பு நின்றது. இந்தப் படத்தைப் பார்த்தால் அதிகாரியும் இதைத்தான் கேட்பார்.

நிறத்தின் பட்டையைப் பின்னால் இழுத்தாள். இன்னும் பின்னால். நிஜத்தில் கடல் என்ன நிறம்? தினமும் வீட்டுக்குள் வரும் கடல்தான், ஆனால் நினைவு வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மீன் கழுவின தண்ணீரின் நிறம். படத்திலும் அதையே கொண்டுவந்தாள்.

"ஐயோ, பேய்!" என்று அலறினாள் மலிகா.

படத்தில் மூன்று அம்மாக்கள் இருந்தார்கள். வாசலில் பானையோடு ஒருத்தி, நடுவில் குனிந்தபடி ஒருத்தி, கட்டிலருகில் ஒருத்தி. மூவரும் புகைபோல, பின்னாலிருக்கும் சுவர் தெரியும்படி நின்றார்கள். நிற்கச் சொன்னபோது நிற்காமல் ஓடியதால் வந்த கோலம்.

'அசைவை நீக்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. மலிகா அதைத் தட்டினாள். சுத்தம். ஒரு அம்மாவும் இல்லை. வீடு மட்டும் இருந்தது, யாரோ எப்போதோ விட்டுப்போனதுபோல.

ஜானட் வெகுநேரம் அதைப் பார்த்தாள். "வேணாம்டி. ஆளே இல்லாத வீட்டுக்கு எவன் மாத்து வீடு குடுப்பான்? எங்கம்மா பேயாவே இருக்கட்டும்."

கட்டத்தை மறுபடி தட்டினாள். மூவரும் திரும்பி வந்தார்கள்.

கடைசியாக நிழலின் பட்டையை மெல்ல நகர்த்தினாள். இருட்டு மூலை வெளுத்தது. அப்பாவின் படம் தெளிந்தது. அதற்குப் பின்னாலிருந்து ஏதோ ஒரு கறுப்புக் கோடு கிளம்பி, கூரைவரை ஏறியிருந்தது. அந்தச் சுவரின் அடியில்தான் பென்னி படுப்பான்.

படத்தை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

"இன்னாடி இது, என்னை மூணு ஆக்கிக்கினு வந்து கீற?" என்றாள் அம்மா.

"அதை விடும்மா. அப்பா பின்னாடி பாரு."

அம்மா அப்பாவின் படத்தைக் கழற்றினாள். விரிசலில் விரலை வைத்தாள். விரல் உள்ளே போயிற்று. கையும் போயிற்று. பொழுது சாய்வதற்குள் கட்டில், பானை, பென்னி, அப்பா எல்லோரும் கோயில் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார்கள்.

அந்த வாரமே ஒரு காலையில் சுவர் விழுந்தது. கூரையும் கூடவே போனது. பென்னி படுக்கும் இடத்தில் செங்கல் குவிந்திருந்தது. மத்தியானத்துக்குள் அந்தச் செங்கல்லையும் கடல் எடுத்துக்கொண்டது.

சொன்னபடி அதிகாரி வந்தார். அலையைப் பார்த்தார். "இங்க வீடே இல்லையே? வீடு இருந்துச்சுன்னு எப்படி எழுதுறது?"

"இருந்தப்போ நல்லா நிக்குதுன்னீங்க. இப்போ இல்லைன்றீங்க. நடுவுல எப்போ சார் எழுதுவீங்க?" என்றாள் அம்மா.

ஜானட் படத்தை நீட்டினாள். வாசலில் கடல். தரையில் தண்ணீர். சுவரில் விரிசல். எல்லாம் ஒரே படத்தில்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "இந்த வீட்டுல மூணு பொம்பளைங்களா?"

"ஒருத்தங்கதான் சார்," என்றாள் ஜானட். "எங்கம்மா. அவங்களுக்கு நிக்க நேரமில்ல."

அவர் படத்தைப் பார்த்தார். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே நின்ற சிலுவையம்மாளைப் பார்த்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார்.

கிடைத்தது மூன்றாவது மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். மீன் ஏலத்துக்கு அம்மா இரண்டு பஸ் மாற வேண்டும். கடலின் சத்தம் இல்லாமல் பென்னிக்கு முதலில் தூக்கமே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஷீதின் கேமராவோடு வந்தாள் மலிகா. அம்மா ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். க்ளிக், க்ளிக், க்ளிக். மூன்றையும் சேர்த்து அச்செடுத்து வந்து காட்டினாள் ஜானட்.

அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? மத்த ரெண்டு பேரு எங்க?"

"அவங்க வேலை முடிஞ்சிடுச்சும்மா," என்றாள் ஜானட். "தூங்கப் போயிட்டாங்க."